வெள்ளித் தொட்டில் நேர்ச்சை, ஆறு நாள் குழந்தையின் இறப்பு: முப்பதாம் நாள் ஜெபத்தில் என்ன செய்வது?

அன்பியம்_கும்பகோணம்:
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் அன்பியத்தில் (பங்கில் பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்த ஜெபக் குழு) ஒரு இளம் தம்பதியின் குழந்தை இருதயக் கோளாறோடு பிறந்து, ஆறாம் நாள் தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே இறந்துவிட்டது. இன்னும் நான்கு நாளில் முப்பதாம் நாள் பூசை. அன்று சாயங்காலம் வீட்டு ஜெபத்தை நான் நடத்த வேண்டும். மூன்று சிக்கல். நிலைமை மோசமான ராத்திரி, தாய் கேட்டுக்கொண்டதால் டியூட்டியில் இருந்த இந்து நர்ஸ்தான் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) கொடுத்தார். அது செல்லாது என்று உறவில் ஒருவர் கிளப்பிவிட்டார். அடுத்து, "பிள்ளை பிழைத்தால் வேளாங்கண்ணிக்கு வெள்ளித் தொட்டில்" என்று தகப்பன் நேர்ந்திருந்தார். முன்கூட்டியே செலுத்தாததால்தான் மாதா கைவிட்டாள் என்று வீட்டில் பேச்சு. இப்போது கடன் வாங்கியாவது தொட்டிலைச் செலுத்தப் பார்க்கிறார். கடைசியாக, எந்த வாசகம் வாசிப்பது? நாங்கள் கத்தோலிக்கர், பெண் வீட்டார் லூத்தரன் (புராட்டஸ்டண்ட் சபை).

மறைக்கல்வி_தஞ்சை:
திருமுழுக்கு செல்லும், பிரதர். அவசர வேளையில் சரியான நோக்கம் உள்ள எவரும் கொடுக்கலாம் என்கிறது திருச்சபைச் சட்டம் 861. கொடுப்பவர் திருமுழுக்குப் பெற்றவராக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணம், தண்ணீர், "தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்" என்ற வார்த்தை, இவ்வளவுதான். "அளிக்கிறோம்" என்று பன்மையில் சொன்னால் செல்லாது என்று 2020இல் ரோமிலிருந்தே விளக்கம் வந்தது.

சறுக்குவது பெரும்பாலும் தண்ணீரில்தான். ஈரப் பஞ்சால் நெற்றியைத் தொட்டு எடுத்தால் தண்ணீர் ஓடாது, சந்தேகம் வரும். ஊசி கழற்றிய சிரிஞ்சில் வெதுவெதுப்பான நீர் ஒன்றிரண்டு மில்லி எடுத்து, தோலில் வழியும்படி விட்டு, உடனே ஒற்றி எடுப்பது நல்லது. குழந்தை உடம்பு குளிர்ந்துவிடக் கூடாது, வயர்களும் நனையக் கூடாது. இது அடுத்து இப்படி ஒரு சூழலில் நிற்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன். நீங்கள் போய் அந்த நர்ஸிடம் "பஞ்சா, சிரிஞ்சா" என்று குறுக்கு விசாரணை நடத்தாதீர்கள். திருமுழுக்கே இல்லாமல் இறந்த குழந்தைகளையும் இறைவனின் இரக்கத்தில் ஒப்படைத்து, அவர்கள் மீட்படைவார்கள் என்று நம்பத் திருச்சபை இடம் தருகிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 1261ஆம் பத்தி அதுதான். 2007இல் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் குழு வெளியிட்ட ஆவணமும் அதையே விரித்துச் சொல்கிறது.

செய்ய வேண்டியது ஒன்று உண்டு: மருத்துவமனை இருக்கும் பங்கின் ஃபாதரிடம் சொல்லி ஞானஸ்நானப் பதிவேட்டில் ஏற்றுங்கள். தேதி, பெயர், கொடுத்தவர், பார்த்த சாட்சி. தாய் உடனிருந்தார் என்றால் சாட்சிக்குத் தேட வேண்டாம்.

பூசைக் கருத்தை (பூசை எதற்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்பதை) "ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று எழுதிக் கொடுக்காதீர்கள். திருமுழுக்குப் பெற்ற சிசுவுக்கு மன்னிக்க வேண்டிய பாவம் ஏது? "பெற்றோரின் ஆறுதலுக்காக" என்று எழுதுங்கள்.

நாகை_பாரிஷ்:
நேர்ச்சைக்கு மட்டும் பதில். "பிழைத்தால்" என்பது நிபந்தனை. நிபந்தனை நிறைவேறவில்லை என்றால் நேர்ச்சை தானாகவே முடிந்துபோகிறது. இது ஆறுதலுக்குச் சொல்லும் பேச்சு இல்லை, சட்டம் 1194 அப்படித்தான் சொல்கிறது. அவருக்கு ஒரு காசு கடனில்லை. முன்கூட்டிச் செலுத்தாத குற்றமும் இல்லை. பிழைத்த பிறகு செலுத்துவதாகத்தானே வாக்கு!

இதை நீங்கள் சொன்னால் வீட்டில் எடுபடாது. பங்குத்தந்தையை வீட்டுக்கு அழைத்துவந்து, மாமியாரும் இருக்கும்போது அவர் வாயால் சொல்லவையுங்கள். பெற்றோர் மாதாவிடம் போக ஆசைப்பட்டால் போகட்டும், ஒரு மெழுகுவர்த்தி போதும். ஆனால் வேளாங்கண்ணித் திருவிழாவின் ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை வேண்டாம். அந்தக் கூட்டத்தில் திரும்பிய பக்கமெல்லாம் மொட்டையடித்த கைக்குழந்தைகள். சாதாரண வாரநாளில் விடியற்காலைப் பூசைக்குப் போகச் சொல்லுங்கள்.

தரங்கை_லூத்தரன்:
வாசகத்தைப் பற்றி. எல்லோருக்கும் முதலில் தோன்றுவது 2 சாமுவேல் 12:23, இறந்துபோன தன் குழந்தையைப் பற்றித் தாவீது ராஜா சொன்னது: "நான் அதினிடத்துக்குப் போவேனே". நல்ல வசனம், ஆனால் இந்த வீட்டில் வேண்டாம். அதே அதிகாரம் 14ஆம் வசனம், தாவீதின் பாவத்தால் பிள்ளை சாகும் என்கிறது. ஏற்கெனவே "யார் செய்த குற்றம்" என்று பேசுகிற வீடு, வேதத்தைத் திறந்து அதைத்தான் முதலில் பார்க்கும். யோவான் 9:3 எடுங்கள், பிறவிக் குருடனைப் பற்றி இயேசு சொன்னது: இவன் செய்த பாவமும் அல்ல, பெற்றவர்கள் செய்த பாவமும் அல்ல. பிறகு மாற்கு 10:13-16, இயேசு குழந்தைகளை அணைத்து ஆசீர்வதிக்கும் பகுதி. சங்கீதம் வேண்டுமென்றால் 88. அது கடைசி வரி வரைக்கும் இருட்டிலேயே முடியும். அதைச் சரிசெய்ய உடனே ஒரு துதிப்பாட்டைப் போடாமல், கொஞ்சம் சும்மா இருங்கள்.

பெண் வீட்டாருக்கு ஒன்று சொல்லலாம். 1528இல் எட்டு மாதப் பெண் குழந்தையை அடக்கம்பண்ணியவர் லூத்தர். பிரசவத்தில் பிள்ளையை இழந்த தாய்மாருக்கு 1542இல் அவர் எழுதியபோது பிடித்துக்கொண்டது ரோமர் 8:26. தாயின் வாக்குக்கடங்காத பெருமூச்சையே தேவன் ஜெபமாக ஏற்கிறார் என்கிறார். பெண் வீட்டாருடைய சபை ஐயரையும் (போதகரையும்) ஜெபத்துக்கு அழையுங்கள்.

"தோட்டக்காரர் பூவைப் பறித்துக்கொண்டார்", "வயசு இருக்கு, அடுத்தது பிறக்கும்", இரண்டையும் வாசலிலேயே தடுத்துவிடுங்கள். குழந்தையைப் பெயர் சொல்லி ஜெபியுங்கள்.

வார்டு_சிஸ்டர்:
ஜெபத்தோடு அந்தப் பெண்ணின் உடம்பையும் விசாரியுங்கள், ஆனால் பெண்கள் கேளுங்கள். பிள்ளை இல்லாவிட்டாலும் இரண்டு, மூன்றாம் நாளில் பால் கட்டிவிடும். பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதால் வாரக்கணக்கில்கூடச் சுரக்கும். மல்லிகைப் பூ வைத்துக் கட்டுவது நம் பக்கத்துப் பழக்கம், கெடுதல் இல்லை. துணியால் இறுக்கிக் கட்டுவதுதான் கெடுதல். முழுதும் பீய்ச்சினால் மேலும் ஊறும், வலி தணியும் அளவுக்கு மட்டும் எடுக்க வேண்டும். மார்பு சிவந்து, காய்ச்சலும் வந்தால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். தூக்கமே இல்லை, சாக வேண்டும் என்று பேசினால் காத்திருக்காதீர்கள். 14416 டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், தமிழில் பேசலாம்.

உயிரோடு பிறந்த குழந்தை என்பதால் பிறப்பு, இறப்பு இரண்டும் பதிவாகியிருக்க வேண்டும். 21 நாள் கெடு தாண்டிவிட்டது. விட்டுப்போயிருந்தால் 30 நாளுக்குள் தாமதக் கட்டணத்தோடு முடிந்துவிடும், அதற்குப் பிறகு அலைச்சல். இறப்புக்கு இன்னும் சில நாள் இருக்கிறது, பிறப்புக்கு அந்த 30 நாளும் முடிந்திருக்கலாம், உடனே பாருங்கள். பிறப்புப் பதிவில் பெயர் காலியாக இருந்தால் 12 மாதம் வரை கட்டணமில்லாமல் சேர்க்கலாம்.

அன்பியம்_கும்பகோணம்:
ஃபாதரிடம் பேசிவிட்டேன், நாளை மறுநாள் வீட்டுக்கு வருகிறார். தொட்டில் பணத்தில் இப்போதே சிமெண்டில் கல்லறை கட்டலாமா என்று தகப்பன் கேட்கிறார்.

நாகை_பாரிஷ்:
இப்போது வேண்டாம். நம் வண்டல் களிமண் ஐப்பசி மழையில் உப்பி, கோடையில் வெடிக்கும். புதுக்குழி அமுங்க ஒரு மழைக்காலமாவது ஆகும். அதற்குள் கட்டினால் ஒரு பக்கம் இறங்கி விரிசல் விடும். மேடு தாழ்ந்தால் மண் மட்டும் போடுங்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு மரச்சிலுவை போதும். பெயரை பெயிண்டில் எழுதாமல் ஆசாரியிடம் செதுக்கச் சொல்லுங்கள், ஒரு அடைமழைக்கு பெயிண்ட் நிற்காது.