ஜிக்குக்குத் தமிழில் என்ன? கையேட்டுக்கு அவசரம்

அல்சூர்:
வணக்கம். ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கர் பெட்டி செய்யும் வகுப்பு. கையேடு வெள்ளி காலை அச்சுக்குப் போயாக வேண்டும். 6.5 அங்குல வூஃபர் (தாழ்ஒலி ஸ்பீக்கர்), 20 லிட்டர் பெட்டி, 18 மி.மீ. எம்.டி.எஃப். (மரநார்ப் பலகை). மற்றதெல்லாம் ஒருமாதிரி தமிழில் வந்துவிட்டது, கருவியை வழிநடத்தும் 'ஜிக்' மட்டும் மசியவில்லை. 'வழிகாட்டி' என்று போட்டால், கையேடே வழிகாட்டிதானே என்கிறார்கள். பத்தி இது:

> வூஃபரின் விளிம்பு உட்காரும் பள்ளம் 166 மி.மீ. விட்டம், 5 மி.மீ. ஆழம். உள்துளை 146 மி.மீ. ரவுட்டரில் (மரத்தைக் குடையும் மின்கருவி) 6 மி.மீ. பிட் (சுழலும் அலகு). வட்டத்தின் நடு ஆணியிலிருந்து பிட்டின் நடுவுக்கு முதலில் 80 மி.மீ., அடுத்து 76. பள்ளம் முடிந்தது. பிறகு 70 வைத்துத் துளை. வரிசை மாறக்கூடாது. துளையை முதலில் அறுத்தால் ஆணி நிற்க நடு இருக்காது.

ரவுட்டரைத் தாங்கி, ஆணியைச் சுற்றி வரும் அந்தப் பலகைத் துண்டுக்குத்தான் பெயர் வேண்டும்.

மல்லேஸ்வரம்:
இதற்கா இத்தனை தவிப்பு? வட்டம் போடுவதற்குக் கவராயம் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தருகிறார்கள். உங்களுடையது பல் முளைத்த கவராயம், அவ்வளவுதான். பொதுச்சொல் வேண்டுமானால் 'பிடிசட்டம்'.

ஜாலஹள்ளி:
பிடிசட்டம் கூடாதம்மா. ஜிக் வேறு, ஃபிக்ஸ்சர் வேறு. பசை காயும்வரை பெட்டியின் மூலையை 90 பாகையில் நிறுத்தி வைக்கும் எல் வடிவக் கட்டை ஃபிக்ஸ்சர். அது பிடிக்கும், வழி சொல்லாது. ஜிக்கின் வேலை கருவி எந்தத் தடத்தில் போக வேண்டும் என்று கட்டுப்படுத்துவது. 'பிடி' என்று தொடங்கும் சொற்களை ஃபிக்ஸ்சருக்கு ஒதுக்கிவிடுங்கள். என் முன்மொழிவு 'நெறிக்கட்டை'. நெறி என்றால் வழி, ஒழுங்கு இரண்டும்.

ஜே.பி. நகர்:
ஐயா, நெறிக்கட்டை என்றதும் அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள்.

இங்கே பெங்களூரில் மர வேலைக்கு வருகிறவர்கள் பாதிப்பேர் ராஜஸ்தான்காரர்கள். மூலைமட்டத்துக்குக் குனியா, இழைப்புளிக்கு ரந்தா, இதற்கு ஃபர்மா. மைசூர் ரோடு டிம்பர் யார்டில் போய் நெறிக்கட்டை கேட்டுப் பாருங்கள். கலைச்சொல்லைவிடக் கையேட்டில் விட்டுப்போனது முக்கியம்:

துளை முழுதாக அறுபடும் கடைசிச் சுற்றில் நடு வட்டு கழன்றுவிடும். ஆணியும் அந்த வட்டில்தான் இருக்கிறது. வட்டு அசைந்தால் ரவுட்டர் இழுத்துக்கொண்டு போய்ப் பள்ளத்தின் விளிம்பைக் கடித்துவிடும். அடியில் ஒரு வீண்பலகை வைத்து, வட்டு வரும் இடத்தில் இருபக்க டேப் ஒட்டச் சொல்லுங்கள். ஒரு சுற்றுக்கு 4 மி.மீ.க்கு மேல் இறக்க வேண்டாம், பிட் சூடேறி எம்.டி.எஃப். கருகும். முகமூடி இல்லாமல் ஆரம்பிக்கவே கூடாது.

கையேட்டில், பலகை செருகும் காடி (நீள்பள்ளம்) எடுக்கும் ஜிக்குக்கு 18 மி.மீ. என்று எண் போட்டதும் தவறு. கடையில் 18 என்று விற்கும் பலகை 17.6 இருக்கும், 18.3 இருக்கும். அதே பலகையின் வெட்டுத்துண்டை நிறுத்தி, இரண்டு பட்டிகளையும் அதை நெருக்கி வைத்துத் திருகாணி போட வேண்டும். ஸ்கேலே வேண்டாம்.

மாட்டுங்கா:
மும்பையிலிருந்து ஒரு விண்ணப்பம். ஜிக் நம் சொல்லே. மணிவாசகர் 'சிக்கென' பிடித்தாரே, அந்தச் சிக்கு. ஏடு வைத்துப் படிக்கும் மரத் தாங்கிக்குச் சிக்குப்பலகை என்று பெயர். மரம், பலகை, சிக்கு, மூன்றும் ஒரே சொல்லில் இருக்கின்றன! ஆகவே 'வட்டச்சிக்கு', 'காடிச்சிக்கு'.

மல்லேஸ்வரம்:
சிக்கென என்றால் உறுதியாக. உறுதியாகப் பிடிப்பது ஃபிக்ஸ்சர் என்று ஜாலஹள்ளி ஐயா இப்போதுதானே சொன்னார்? உங்கள் சான்றே உங்களுக்கு எதிராகப் பேசுகிறது. தலைமுடியில் விழும் சிக்கை நான் எடுக்கவே இல்லை.

ஐயாவுக்கும் ஒரு கேள்வி. டேபிள் சாவில் ரம்பம் நின்ற இடத்தில் சுற்றுகிறது, ஸ்லெட் என்ற ஜிக்தான் பலகையைத் தள்ளிக்கொண்டு போகிறது. அங்கே கருவிக்கு ஏது தடம்?

ஜாலஹள்ளி:
நல்ல கேள்வி. நகர்வது எதுவானாலும், இரண்டுக்கும் இடையிலான தடத்தை ஜிக் நிர்ணயிக்கிறது என்று திருத்திக்கொள்கிறேன். அதனால் நெறி இன்னும் பொருந்துகிறது. ஃபர்மா வேறு. அதன் விளிம்பை பேரிங் பிட் (உருளை பொருத்திய பிட்) தொட்டுக்கொண்டே போய் அதே உருவத்தை எடுக்கும். வட்ட ஜிக்கில் நகலெடுக்க உருவம் ஏது?

மல்லேஸ்வரம்:
பக்கம் 7-இல், பெட்டியிலிருந்து காற்று வந்துபோகும் குழாய்க்குப் 'போர்ட் குழாய்' என்ற பெயர் எதற்கு? தூம்பு இருக்கிறதே! மலைபடுகடாம் தொடக்கத்திலேயே வாத்தியங்களின் வரிசையில் களிற்றுயிர்த் தூம்பு வருகிறது. யானை மூச்சுவிடுவதுபோல ஒலிக்கும் நெடுங்குழல். நம் குழாய் ஒலிக்கும் 42 ஹெர்ட்ஸுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஏரி மதகிலும் தூம்பு உண்டு.

ஜே.பி. நகர்:
சாக்கடையிலும் உண்டு. பெயர் எதுவானாலும், உள்விட்டம் 5 செ.மீ. என்றால் 20 லிட்டருக்கு நீளம் 13 செ.மீ. சரிதான், கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆனால் குழாயின் உள்வாய்க்கும் பின்பலகைக்கும் நடுவே 5 செ.மீ.யாவது விட வேண்டும். வெளிவாயின் விளிம்பை ரவுண்டோவர் பிட்டால் உருட்டுங்கள். கூராக விட்டால் சத்தம் ஏற்றும்போது காற்று சீறும்.

மாட்டுங்கா:
சீறல்! 'சீர்' என்ற வேரிலிருந்து...

அல்சூர்:
போதும், நாளை வெள்ளி. இருபக்க டேப், பலகைத் தடிமன், குழாய் இடைவெளி மூன்றையும் சேர்த்துவிட்டேன். கையேட்டில் 'ஜிக்' அப்படியே இருக்கும். கடைசிப் பக்கச் சொற்பட்டியலில் அதற்கு நேராக 'நெறிக்கட்டை'. போர்ட்டுக்குத் 'தூம்புக்குழாய்' போட்டிருக்கிறேன். குழாய் ஒட்டிக்கொண்டதால் சாக்கடை நினைவு வராது என்று நம்புகிறேன். வேறு யோசனை இருந்தால் இரவு பத்துக்குள்.

ஜே.பி. நகர்:
சரி.

ஜாலஹள்ளி:
பட்டியலிலாவது இருக்கட்டும். சரி.

மல்லேஸ்வரம்:
கவராயத்தை யாரும் மறுக்கவே இல்லை என்பதை நினைவூட்டுகிறேன். ஆனாலும் சரி.

மாட்டுங்கா:
எனக்குச் சம்மதமில்லை. இந்த இழையின் தலைப்பைப் பாருங்கள்: 'ஜிக்குக்கு'. வேற்றுமை உருபு சேரும்போதே உகரம் போட்டு ஜிக்கு ஆக்கிவிட்டீர்கள். பாக்கு, நாக்கு மாதிரி வன்தொடர்க் குற்றியலுகரம். சிக்கு ஆக இன்னும் ஒரே ஓர் எழுத்து. எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்ளவும்.