டீம் கேக்குற கேள்விக்கு எங்கிட்டயே பதில் இல்ல, என்ன சொல்லி நடத்துறது?

வார்டு_இன்சார்ஜ்:
வணக்கம் எல்லாருக்கும். நான் ஒரு மெடிக்கல் வார்டுல இன்சார்ஜா இருக்கேன், பொறுப்புக்கு வந்து எட்டு மாசம்தான் ஆகுது. நர்ஸுங்க, அட்டெண்டர், ஹவுஸ்கீப்பிங் எல்லாம் சேத்து 26 பேர். ரெண்டு மாசமா எங்க ஆஸ்பத்திரிய வேற நிர்வாகம் எடுத்துக்கப் போகுதுன்னு ஒரு பேச்சு, எங்க வார்ட பக்கத்து வார்டோட சேக்கப் போறாங்கன்னு ஒரு பேச்சு, கான்ட்ராக்ட் ஆளுங்கள எடுத்துருவாங்கன்னு இன்னொரு பேச்சு. மேல போய் கேட்டா முடிவானதும் சொல்றோம்னு மட்டும்தான் பதில் வருது. ஆரம்பத்துல புள்ளைங்க வந்து கேட்டப்ப நான் "ஒண்ணும் ஆகாது, கவலப்படாதீங்க"ன்னு சொல்லிட்டேன், அடுத்த வாரமே ரெண்டு பேரோட கான்ட்ராக்ட நீட்டிக்கல. அதுலருந்து நான் வாயத் தொறந்தாலே எல்லாரும் தரையப் பாக்குறாங்க. ஷிப்ட் மாறும்போது பேஷண்ட் விவரத்த ஒப்படைக்கற ஹேண்டோவர்ல கூட கேட்டதுக்கு மட்டும் பதில், அதுக்கு மேல ஒரு வார்த்தை வரல, மூணு பேர் வேற எடத்துல இன்டர்வியூ போயிட்டு வந்துருக்காங்கன்னு கேள்வி. எனக்குத் தெரியாதுன்னு உண்மையச் சொன்னா இன்னும் பயந்து போயிருவாங்களோன்னு இருக்கு, சொல்லாம இருந்தாலும் இப்படி இருக்கு. இந்த மாதிரி நேரத்துல டீம கொண்டுபோனவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, ப்ளீஸ்.

பழைய_மேட்ரன்:
அம்மாடி, மொதல்ல ஒண்ணு பண்ணு. "ஒண்ணும் ஆகாதுன்னு நான் சொன்னது தப்பு, எனக்குத் தெரியாத விஷயத்துக்கு உறுதி குடுத்துட்டேன், மன்னிச்சுக்குங்க"ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிரு. இத சொல்லாம மத்தது எது பண்ணாலும் ஒட்டாது.

அப்பறம் தெனமும் ஒரே நேரத்துல ஒரே எடத்துல நின்னுக்கிட்டே பத்து நிமிஷம் பேசு, ஹடில்னு சொல்வாங்கல்ல அதான், உக்கார வெச்சா அரை மணி ஆயிரும். இன்னிக்கு எனக்குத் தெரிஞ்சது இது, தெரியாதது இது, அடுத்து இன்ன நேரத்துல வந்து சொல்றேன். இதுல கடைசி விஷயம்தான் உயிர். வியாழக்கிழமை நாலு மணிக்குச் சொல்றேன்னு சொன்னா, புதுசா ஒரு தகவலும் வரலன்னாலும் நாலு மணிக்குப் போய் நின்னு "இன்னும் வரல, நான் திரும்பவும் கேட்டுருக்கேன்"னு சொல்லணும். ஜனங்க கெட்ட செய்தியக் கூட தாங்கிக்குவாங்கம்மா, நமக்கு யாரும் சொல்ல மாட்டேங்குறாங்களேங்கிறதத்தான் தாங்க மாட்டாங்க.

நைட் டூட்டி ஆளுங்கள மறந்துராத. பகல்ல சொன்னது ராத்திரிக்குப் போறதுக்குள்ள வேற கதையா மாறியிருக்கும். வாரத்துல ரெண்டு நாளாவது நைட் ஹேண்டோவருக்கு நீயே போ. ஹவுஸ்கீப்பிங் ஆளுங்களையும் அதே வட்டத்துல நிக்க வை, அவங்களுக்குத்தான் மொதல்ல வேல போகும்னு பயம், அவங்கள யாரும் கூப்பிடறதே இல்ல.

ஐசியூ_டாக்டர்:
மேட்ரன் அம்மா சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன். 2020ல நான் கோவிட் ஐசியூல டீம் லீடா இருந்தேன். அப்ப எங்களுக்கு பெரிய தலைவலி நோய் மட்டுமில்ல, மாறிக்கிட்டே இருந்த ப்ரோட்டோகால், அதாவது சிகிச்சை விதிமுறைதான். ஸ்டீராய்டையே எடுத்துக்குங்க, ஆரம்பத்துல வழக்கமா குடுக்கக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருந்துச்சு, ஏன்னா பழைய வைரஸ் நிமோனியாக்கள்ல அது கெடுதல் பண்ணுதோன்னு சந்தேகம். ஜூன் 16ஆம் தேதி பிரிட்டன்ல நடந்த ரெக்கவரிங்கிற மருந்து ஆய்வோட முடிவு வந்துச்சு, டெக்ஸாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு குடுத்தா வென்டிலேட்டர்ல இருக்கறவங்க சாவு மூணுல ஒரு பங்கு கொறையுது, ஆக்சிஜன் மட்டும் வாங்கறவங்கள்ல அஞ்சுல ஒரு பங்கு, ஆக்சிஜனே தேவைப்படாதவங்களுக்கு பிரயோஜனம் இல்ல. அதாவது நேத்து குடுக்காதன்னு சொன்ன அதே மருந்த இன்னிக்கு குடுன்னு நான் சொல்லணும்.

மொதல்ல நான் பண்ண தப்பு, வெறும் ஆர்டர மட்டும் மாத்தி போர்டுல எழுதிட்டேன். நர்ஸுங்க முகத்துல "இவங்களுக்கே ஒண்ணும் தெரியல"ங்கிற நெனப்பு அப்படியே தெரிஞ்சுச்சு, அது நியாயம்தான். மறுநாள் எல்லாரையும் நிக்க வெச்சு, அப்ப ஏன் வேணாம்னு சொன்னோம், இப்ப என்ன தெரிய வந்துச்சு, யாருக்கு மட்டும் குடுக்கறோம், யாருக்கு குடுக்கல, எல்லாத்தையும் விளக்கினேன். அதுக்கப்பறம் ஒரு சிஸ்டர் தானாவே வந்து "டாக்டர், அஞ்சாம் பெட்டுக்கு ஆக்சிஜனே இல்லையே, அவருக்கும் எழுதியிருக்கே"ன்னு கேட்டாங்க. அந்தக் கேள்வி வந்ததுக்கு காரணம் காரணத்தச் சொன்னதுதான். வெறும் ஆர்டர் குடுத்திருந்தா கேட்டிருக்கவே மாட்டாங்க.

உங்க விஷயத்துலயும் வார்ட சேக்கறாங்களா இல்லையாங்கிறது உங்க கைல இல்ல. ஆனா ரோஸ்டர், அதாவது டூட்டி பட்டியல், ஏன் மாறுது, ஆள ஏன் அங்க அனுப்பறீங்கங்கிற காரணம் உங்க கைலதான் இருக்கு. அத மட்டும் ஒரு நாளும் மறைக்காதீங்க.

நைட்ஷிப்ட்_தம்பி:
நான் லீடர் இல்ல, ஸ்டாஃப். அந்தப் பக்கத்துலருந்து சொல்றேன். எல்லாத்தையும் சொல்லிரணும்னு இல்லைங்க. எங்க பழைய இன்சார்ஜ் தனக்கு வர்ற பயத்த எல்லாம் எங்க மேல கொட்டுவாங்க, "எனக்கே தூக்கம் வரல, என் வேலையே போயிருமோன்னு இருக்கு"ன்னு ராத்திரி ரெண்டு மணிக்கு சொல்வாங்க, அத கேட்டுட்டு நான் எப்படி மருந்த அளவா ஏத்தற இன்ஃப்யூஷன் பம்ப் செட் பண்றது? தகவல எங்களுக்கு குடுங்க, பயத்த உங்களுக்கு மேல இருக்கறவங்ககிட்டயோ வீட்டுலயோ கொண்டு போங்க.

இன்னொண்ணு, ஆள் கொறையுதுன்னு ஓவர்டைம் மேல ஓவர்டைம் போட்டு சமாளிக்காதீங்க. 2004ல அமெரிக்காவுல நர்ஸுங்கள வெச்சு பண்ண ஆய்வுல, பன்னண்டரை மணி நேரமோ அதுக்கு மேலயோ நீண்ட ஷிப்ட்ல தப்பு நடக்கற வாய்ப்பு மூணு மடங்குன்னு வந்துச்சு. நல்லவன் ஒருத்தன் மாட்டேன்னு சொல்ல மாட்டான்னு அவன் தலையிலயே திரும்பத் திரும்ப கட்டுவீங்க, மொதல்ல ரிசைன் பண்றதும் அவன்தான்.

வார்டு_இன்சார்ஜ்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நைட்ஷிப்ட் தம்பி சொன்னது சுருக்குன்னு குத்துச்சு, நான் ஒரே பொண்ண மூணு வாரமா அப்படித்தான் இழுத்துக்கிட்டு இருக்கேன். இன்னொரு விஷயம் சொல்லாம விட்டுட்டேன். போன வாரம் அந்தப் பொண்ணுதான் ஒரு ஆன்டிபயாடிக் டோஸ அடுத்த பெட்டுக்கு போட்டுட்டா. பேஷண்டுக்கு ஒண்ணும் ஆகல, அவளே வந்து சொன்னா. ரிப்போர்ட் எழுதியாச்சு. ஆனா இப்ப மேல ஆள் கொறைக்கற பேச்சு ஓடிக்கிட்டிருக்கும்போது இந்த ரிப்போர்ட்டே அவளுக்கு வினையா வந்துருமோன்னு மத்தவங்க எல்லாம் பயந்து, இனிமே யாரும் ஒண்ணும் எழுத மாட்டாங்க போல இருக்கு. இத எப்படிக் கையாளுறது?

பழைய_மேட்ரன்:
இதுதான்மா நீ மொதல்ல எழுதியிருக்க வேண்டிய விஷயம், மத்ததெல்லாம் இதுக்கு அப்பறம்தான்.

ஏமி எட்மண்ட்சன்னு ஒரு ஆய்வாளர், 1990கள்ல ஆஸ்பத்திரி டீம்கள்ல மருந்துத் தப்ப எண்ணிப் பாத்தாங்க. நல்ல தலைமை இருக்கற டீம்ல தப்பு கம்மியா இருக்கும்னு நெனச்சாங்க, கணக்குல அதிகமா வந்துச்சு. உள்ள போய்ப் பாத்தா, அங்க தப்பு அதிகம்னு இல்ல, பயப்படாம வெளிய சொல்றாங்க. மத்த எடத்துல மூடி மறைச்சுட்டாங்க. அதனால உன் வார்டுல ரிப்போர்ட் திடீர்னு நின்னு போச்சுன்னா சந்தோஷப்படாத, அதுதான் ஆபத்து.

அந்தப் பொண்ண நீயே கூட்டிட்டுப் போய் உக்கார வெச்சுப் பேசு. தப்புல மாட்டின ஸ்டாஃப "ரெண்டாவது பாதிக்கப்பட்டவர்"னு 2000லயே ஆல்பர்ட் வூன்னு ஒரு டாக்டர் பேர் வெச்சு எழுதினார், பேஷண்டுக்கு அடுத்தபடி நொறுங்கிப் போறது அவங்கதான். ரெண்டு நாள் லீவு குடு, திரும்பி வந்ததும் மருந்து ட்ராலிய அவ கைலருந்து பிடுங்காத, பக்கத்துல ஒரு சீனியர போடு. அந்த ரிப்போர்ட்லயே ரோஸ்டரயும் சேத்து எழுது, எத்தன ஷிப்ட் தொடர்ந்து பாத்தா, அன்னிக்கு எத்தன பேர் கொறைவு, ரெண்டு பெட்டுக்கும் ஒரே நேரத்துல மருந்து இருந்துச்சா, எல்லாம். ரோஸ்டர் போட்டது நான்தான்னு உன் கையெழுத்தோட எழுது.

ஐசியூ_டாக்டர்:
கடைசி வரிய நான் வழிமொழியறேன். உங்க பேர் அதுல இருந்தா மத்த 25 பேரும் பாப்பாங்க, நீங்க சொல்ற வார்த்தைய விட அது பெருசு.

வார்டு_இன்சார்ஜ்:
ஒரு வாரம் கழிச்சு எழுதறேன். திங்கக்கிழமை மன்னிப்பு கேட்டேன், யாரும் ஒண்ணும் பேசல, ஒரு அட்டெண்டர் அக்கா மட்டும் "சரிம்மா"ன்னாங்க. ரிப்போர்ட்ல என் பேரயும் ரோஸ்டரயும் சேத்து குடுத்துட்டேன், மேலருந்து கூப்பிட்டு கேட்டாங்க, ஆள் குடுக்கறதா இன்னும் சொல்லல. அந்தப் பொண்ணு இன்னிக்கு டூட்டிக்கு வந்துட்டா. வியாழக்கிழமை நாலு மணிக்கு எங்கிட்ட புது தகவல் ஒண்ணும் இல்ல, ஆனாலும் போய் நின்னேன், நிக்கறதுக்கு முன்னாடியே ஒன்பது பேர் அங்க இருந்தாங்க.