பதில்: உம்வெல்ட் – ‘உயிரிச்சூழல்’ வேண்டாம், ‘தன்புலம்’ பார்க்கலாமா?

வணக்கம். ‘உம்வெல்ட்’ (Umwelt) என்ற உயிரியல் கலைச்சொல்லுக்குத் தமிழில் என்ன வைப்பது என்ற நம் விவாதத்துக்கு என் பதில் இது.

> உம்வெல்ட் என்றால் ஜெர்மனில் சூழல்தானே? ‘உயிரிச்சூழல்’ என்று வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாம்.

அகராதிப்படி சரிதான். ஆனால் உயிரியலாளர் யாக்கோப் ஃபான் உக்ஸ்கியூல் 1909-இல் வெளிவந்த நூலில் அந்த அன்றாடச் சொல்லை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார். ஓர் உயிரைச் சுற்றி இருப்பதெல்லாம் அவருக்கு உம்வெல்ட் ஆகாது. அந்த உயிருக்குத் தட்டுப்படுவது மட்டுமே உம்வெல்ட். அவர் காட்டும் உண்ணிக்குக் கண் கிடையாது. செடி நுனியில் காத்துக் கிடக்கும். கீழே போகும் விலங்கின் பியூட்டிரிக் அமில வாடை பட்டதும் பிடியை விடும். விழுந்த இடத்தில் மயிருக்குள் தடவித் தடவி நகரும், சூடான வெற்றுத்தோல் கிடைத்ததும் துளைக்கும். வாடை, தொடுகை, சூடு, அவ்வளவுதான். காடும் நிலவும் பறவைச் சத்தமும் அதன் சூழலில் இருக்கின்றன, உம்வெல்ட்டில் இல்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை ‘உயிரிச்சூழல்’ போட்டு எழுதிப் பாருங்கள், உளறலாகிவிடும்.

அப்புறம் ‘புலனுலகு’ என்ற இன்னொரு பரிந்துரை. முதலில் நானும் அந்தக் கட்சிதான். தேனீக்குப் புற ஊதா தெரியும், சிவப்பு தெரியாது என்பதைச் சொல்ல அது தாராளமாகப் போதும். ஓரறிவு, ஈரறிவு என்று உயிர்களைப் புலன்வழி அடுக்கிய தொல்காப்பிய மரபியலும் துணைக்கு வரும். என் மனத்தை மாற்றியது ஒரு துறவி நண்டு, காலிச் சங்கைக் கூடாக்கி வாழ்வது. உக்ஸ்கியூலின் 1934 நூலில் அதன் எதிரே ஒரு கடற்சாமந்தி (பூப்போன்ற கடல் விலங்கு). கூட்டின் மேலிருந்த சாமந்திகளை இழந்த நண்டு, இதை எடுத்துக் காவலுக்கு ஒட்டிக்கொள்கிறது. கூட்டையே இழந்த நண்டு அதற்குள் நுழையப் பார்க்கிறது. பசித்த நண்டு தின்னத் தொடங்குகிறது. புலன்கள் அதேதான், சாமந்தியும் அதேதான். மாறியது நண்டின் நிலை. கூடியிருந்தபோது குளிர்ந்த நிலவு பிரிந்த பின் சுடுகிறது என்று நம் கவிதைகள் சலிக்காமல் சொல்கின்றனவே, வெப்பமானியில் ஏறாத அந்தச் சூட்டுக்கும் இந்தச் சொல்லில் இடம் வேண்டும். ‘புலனுலகு’ அதை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

அதனால்தான் ‘தன்புலம்’. புலம் என்றால் வயல், இடம், திசை, அறிவு, புலன் எல்லாமே. புலம்பெயர்கிறோம்; ஒன்று நமக்குப் புலப்படுகிறது. வாழும் இடத்தையும் உணரும் விதத்தையும் ஒரே சொல்லில் முடிந்து வைத்திருக்கிறார்கள், நாம் புதிதாக ஒட்டுப்போட வேண்டியதில்லை.

> காந்தப்புலம், மின்புலத்தோடு குழம்பாதா?

குழம்பாது என்றே நினைக்கிறேன். ‘தன்’ என்னும் முன்னொட்டு ஓர் உயிரைச் சுட்டிவிடுகிறது, காந்தத்துக்குத் தன்னுணர்வு ஏது? புணர்ச்சிப்படி ‘தற்புலம்’ ஆக வேண்டும் என்ற திருத்தம் நியாயமானது; தற்காப்பு, தற்பெருமை உண்டு. ஆனால் தன்பாலீர்ப்பு நிலைத்துவிட்டது. படித்தவுடன் பிரிந்து பொருள் தரும் வடிவத்துக்கே என் வாக்கு. ‘திணை’யைப் பரிந்துரைத்தவருக்கு: ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் அது ஏற்கெனவே அதிகம் சுமக்கிறது.

இன்னொரு வசதியும் உண்டு. உக்ஸ்கியூல் உம்வெல்ட்டை உயிர் உணரும் பகுதி (மெர்க்வெல்ட்), உயிர் செயல்படும் பகுதி (விர்க்வெல்ட்) என்று இரண்டாகப் பார்க்கிறார். முன்னதற்கு ‘உணர்புலம்’ தயக்கமின்றிப் பொருந்துகிறது. பின்னதற்கு ‘செயற்புலமா’, ‘வினைப்புலமா’? வினைப்புலம் காதுக்கு இனிமை, ஆனால் இலக்கண வகுப்பு நினைவுக்கு வருகிறது. உங்கள் காதுக்கு எப்படி?