சம்பளத்துக்கு எடுத்ததும் தென்னாப்பிரிக்க வரித்துறையான சார்ஸுக்குக் கட்டியதும் ஒத்துப்போகவில்லை, எப்படி எழுதி வைப்பது?

சாட்ஸ்வொர்த் டேக்அவே

எல்லோருக்கும் வணக்கம். டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஒரு டேக்அவே நடத்துகிறேன். கம்பெனியாகப் பதியவில்லை, என் பெயரிலேயே ஓடுகிறது. வேலைக்கு ஐந்து பேர். சமையல்காரருக்கு மாதச் சம்பளம் 12,000 ராண்ட், மற்ற நான்கு பேருக்கும் வெள்ளிக்கிழமை தோறும் வாரக் கூலி. கணக்கு பார்த்துக்கொண்டிருந்தவர் கேப்டவுனுக்குக் குடிபோய்விட்டதால் இப்போது நானே எக்ஸெலில் எழுதுகிறேன்.

அரையாண்டு ஈஎம்பி 501 (தொழிலாளர்களிடம் பிடித்ததையும் கட்டியதையும் ஒத்துப்பார்த்துக் கொடுக்கும் படிவம்) அக்டோபர் 31-க்குள் போக வேண்டும். மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை பேங்க் ஸ்டேட்மென்டில் சார்ஸுக்குப் போன தொகைகளைக் கூட்டினால் ஒரு எண் வருகிறது, அதே ஆறு மாதத்துக்கு மாதாமாதம் சார்ஸுக்குக் கொடுத்த ஈஎம்பி 201 படிவங்களைக் கூட்டினால் வேறு எண் வருகிறது. ஒரு மாதம்கூடக் கட்டாமல் விட்டதில்லை, எல்லா ரசீதும் கையில் இருக்கிறது, ஆனாலும் ஒத்துப்போகவில்லை.

இன்னொரு குழப்பம். பேங்கிலிருந்து சம்பளத்துக்குப் போவது வெட்டு (வரி முதலிய பிடித்தம்) போக மிச்சமுள்ள தொகைதானே, அதைச் செலவாக எழுதி, அப்புறம் சார்ஸுக்குக் கட்டியதையும் செலவாக எழுதுவது சரியா? நடுவில் முன்பணம் வேறு கேட்பார்கள், அதைக் கல்லாவிலிருந்து ரொக்கமாகக் கொடுத்துவிடுகிறேன். தீபாவளிக்கு ஆளுக்கு 500 ராண்ட் கவரில் வைத்துக் கொடுத்தேன், அது எந்தத் தலைப்பில் வரும்? என் வீட்டுச் செலவுக்கு நான் எடுப்பதும் இதே கணக்கிலிருந்துதான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மெரிபேங்க் கணக்கு அக்கா

தம்பி, முதலில் ஈஎம்பி 501 விஷயம், தேதி நெருங்கிவிட்டது. நீங்கள் பணம் போன தேதியை வைத்துக் கூட்டுகிறீர்கள், சார்ஸ் சம்பளம் கொடுத்த மாதத்தை வைத்துப் பார்க்கிறது. ஒரு மாதத்து வெட்டை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்டுகிறோம் இல்லையா, அதனால் மார்ச் 7 அன்று போன பணம் பிப்ரவரி மாதத்துக்கானது, அது போன வரி ஆண்டுக் கணக்கு. இங்கே வரி ஆண்டு மார்ச் 1-இல் தொடங்குகிறது. ஆகஸ்ட் மாதத்துக்கான பணமோ செப்டம்பர் 5 அன்றுதான் போயிருக்கும், ஏனென்றால் 2025 செப்டம்பர் 7 ஞாயிற்றுக்கிழமை, அப்படி விழுந்தால் அதற்கு முந்தைய வேலைநாளிலேயே கட்டிவிட வேண்டும். ஆக உங்கள் கூட்டலில் வேண்டாத ஒரு மாதம் உள்ளே வந்திருக்கிறது, வேண்டிய ஒரு மாதம் வெளியே நிற்கிறது. மார்ச்சில் போனதைக் கழித்து செப்டம்பரில் போனதைச் சேர்த்துப் பாருங்கள். அதற்கு மேலும் வித்தியாசம் இருந்தால்தான் தேட வேண்டும்.

அப்படித் தேடுவதென்றால் பேங்க் ஸ்டேட்மென்டை மூடி வையுங்கள், சார்ஸின் ஈஃபைலிங் இணையதளத்தில் ஈஎம்பிஎஸ்ஏ என்ற கணக்கறிக்கையை இறக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் கட்டிய பணத்தை சார்ஸ் எந்த மாதத்தில், எந்தத் தலைப்பில் போட்டிருக்கிறது என்று அதில் வரிவரியாக இருக்கும். ஒவ்வொரு ஈஎம்பி 201-க்கும் தனிப் பேமென்ட் ரெஃபரன்ஸ் எண் உண்டு, 7-இல் தொடங்கும் உங்கள் பிஏஒய்இ (சம்பளத்தில் பிடிக்கும் வருமான வரி) எண்ணை வைத்து உண்டாக்குவது. போன மாத எண்ணையே பேங்கில் சேமித்து வைத்துக்கொண்டு அதிலேயே மறுபடியும் கட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பணம் பழைய மாதத்தில் உபரியாகப் போய் உட்கார்ந்துகொள்ளும், புது மாதம் கட்டாததாகக் காட்டும், அதற்கு 10 சதவீத அபராதமும் வட்டியும் விழும். பணம் கட்டியிருந்தும் அபராதம் வருவது பெரும்பாலும் இப்படித்தான்.

இப்போது செலவு எது என்பது. செலவு என்பது வெட்டுக்கு முந்தைய முழுச் சம்பளம். உங்கள் சமையல்காரரையே எடுத்துக்கொள்வோம். மாதம் 12,000 என்றால் ஆண்டுக்கு 144,000. அதில் 18 சதவீதம் 25,920. 65 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கான 2025/26 கழிவு 17,235 போனால் 8,685, அதைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 723.75 (சார்ஸின் அட்டவணையில் பார்த்தால் சில்லறை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், 2025/26 ஆண்டுக்கான அட்டவணையைப் பாருங்கள்). யுஐஎஃப் (வேலையின்மைக் காப்பீட்டு நிதி) ஒரு சதவீதம், 120. இந்த மாதம் 1,500 ராண்ட் முன்பணம் வாங்கியிருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேங்கிலிருந்து அவருக்குப் போவது 9,656.25.

புத்தகத்தில் சம்பளச் செலவு 12,000 என்று எழுதுங்கள். அதற்கு எதிரே பேங்க் 9,656.25, சார்ஸுக்குத் தர வேண்டிய பிஏஒய்இ 723.75, தர வேண்டிய யுஐஎஃப் 120, முன்பணக் கணக்கில் வரவு 1,500. கூட்டிப் பாருங்கள், 12,000 சரியாக வரும். இது போக முதலாளி பங்கு யுஐஎஃப் இன்னொரு 120, அது மட்டும்தான் தனியாக உங்கள் செலவு, அதையும் ‘தர வேண்டியது’ கணக்கில் சேர்த்துவிடுங்கள். அடுத்த மாதம் இவருக்காக சார்ஸுக்கு 963.75 போகும்போது செலவுத் தலைப்பைத் தொடவே வேண்டாம், ‘தர வேண்டியது’ கணக்கைத் தீர்த்தால் போதும். ஒவ்வொரு மாதமும் கட்டி முடித்த பிறகு அந்தக் கணக்கில் பூஜ்யம் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் அந்த மாதத்திலேயே தெரிந்துவிடும், அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

நீங்கள் செய்கிற முறையில் ஆண்டு மொத்தம் ஏறக்குறைய சரியாகத்தான் வரும், நான் அதை மறுக்கவில்லை. ஆனால் பிப்ரவரி மாத வெட்டு அடுத்த ஆண்டுக்குப் போய்விடும், கல்லாவிலிருந்து கொடுத்த முன்பணம் எங்கேயும் எழுதப்படாமலே போய்விடும்.

ஃபீனிக்ஸ் பேனல்பீட்டர்

அக்கா சொன்னதெல்லாம் சரி, நான் முன்பணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எங்கள் பட்டறையில் வாரம் தவறாமல் யாராவது கேட்பார்கள், டாக்ஸிக் காசு, பிள்ளைக்கு ஸ்கூல் யூனிஃபார்ம், ஊரில் சாவு என்று. கொடுப்பதில் தப்பில்லை, எழுதாமல் கொடுப்பதுதான் தப்பு. கல்லாவிலிருந்து எடுக்கும்போதே ஒரு துண்டுச் சீட்டில் தேதி, பெயர், தொகை, எந்த வாரத்திலிருந்து எவ்வளவு பிடிப்பது, அவர் கையெழுத்து. இது நம் கணக்குக்காக மட்டும் இல்லை. வேலைவாய்ப்பு அடிப்படை நிபந்தனைகள் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி, சட்டமோ நீதிமன்ற உத்தரவு போன்றவையோ பிடிக்கச் சொல்லும் தொகைகளைத் தவிர வேறு எதைப் பிடிப்பதானாலும் தொழிலாளி எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். வாயால் சொன்னது செல்லாது.

கல்லாவில் காசு குறைந்தது, பாத்திரம் உடைந்தது என்று பிடிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவருடைய தப்புதான் என்று நியாயமாக விசாரித்து, அவர் பேச வாய்ப்புக் கொடுத்து, உண்மையான நஷ்டத்துக்கு மேல் போகாமல், மொத்தத்தில் அவர் சம்பளத்தில் கால்பங்குக்கு மேல் தாண்டாமல்தான் பிடிக்கலாம். வாரம் 1,800 வாங்குகிறவரிடம் ஒரே வெள்ளிக்கிழமையில் 900 பிடித்துக்கொண்டு அனுப்புகிற கடைகள் இருக்கின்றன. அவர் அந்த வாரம் வீட்டில் என்ன சமைப்பார்? எனக்கு இது பார்க்கவே பொறுக்காது.

இன்னொன்று, முன்பணத்தை முதலில் கழித்துவிட்டு மிச்சத்துக்கு வரியும் யுஐஎஃப்பும் போடக் கூடாது. முழுச் சம்பளத்துக்கு வரி, அப்புறம்தான் முன்பணம். பே ஸ்லிப்பிலும் ஒவ்வொரு பிடிப்பும் எதற்காக, எவ்வளவு என்று தனித்தனியாக இருக்க வேண்டும், ‘இதர பிடித்தம்’ என்று ஒரே வரியில் போட்டால் அவரும் கேட்பார், இன்ஸ்பெக்டரும் கேட்பார்.

சாட்ஸ்வொர்த் டேக்அவே

அக்கா, மார்ச்சை எடுத்துவிட்டு செப்டம்பரைச் சேர்த்தேன், வித்தியாசம் முழுவதும் போய்விட்டது. ரொம்ப நன்றி. அண்ணா, சீட்டுப் புத்தகம் இன்றைக்கே வாங்கி வைத்துவிட்டேன்.

இன்னும் மூன்று சந்தேகம். வாரக் கூலிக்காரர்களில் ஒருவருக்கு வழக்கமாக 1,800 ராண்ட், வரி வராது. தீபாவளி வாரம் ஓவர்டைமோடு 2,300 வந்தது, அட்டவணை பிஏஒய்இ பிடிக்கச் சொல்கிறது. ஆண்டு முழுவதும் பார்த்தால் அவர் வரி வரம்புக்குள்ளேயேதான் இருக்கிறார், பிடிக்கத்தான் வேண்டுமா? ஐந்து வெள்ளிக்கிழமை வரும் மாதத்தில் ஐந்தாவது கூலியை எங்கே காட்டுவது? அப்புறம் அந்த 500 ராண்ட் கவரும் நான் எடுக்கும் பணமும்.

லெனேசியா பேரோல்

ஜோபர்க் பக்கம் சின்ன கடைகளுக்கு பேரோல் (சம்பளக் கணக்கு) செய்து கொடுக்கிறேன், இவற்றுக்கு நான் சொல்கிறேன்.

ஓவர்டைம் வாரத்தில் வாராந்திர அட்டவணைப்படி பிடிப்பதுதான் முறை. 2025/26-இல் 65 வயதுக்குக் கீழே வரி வரம்பு ஆண்டுக்கு 95,750, வாரத்துக்கு ஏறக்குறைய 1,841. 2,300-க்கு சுமார் 82 ராண்ட் வரும். மார்ச்சிலிருந்து இதுவரை வாங்கிய மொத்தத்தை வைத்துக் கணக்கிடும் பேரோல் மென்பொருளாக இருந்தால் அதுவே சமன் செய்துகொள்ளும், எக்ஸெலில் செய்தால் பிடித்ததை ஐஆர்பி 5-இல் (தொழிலாளிக்குத் தரும் வரிச் சான்று) சரியாகக் காட்டுங்கள், அவர் ரிட்டர்ன் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஆனால் இதை அவரிடம் சொல்லுங்கள். கஷ்டப்பட்டு ராத்திரி வரை நின்ற வாரத்தில்தான் புதிதாக ஒரு பிடித்தம் தெரிகிறது, முதலாளி எடுத்துக்கொண்டார் என்று நினைப்பது இயல்பு. பே ஸ்லிப்பைக் கையில் கொடுத்து அந்த வரியைக் காட்டி இரண்டு நிமிடம் விளக்கினால் போதும்.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை அந்த மாதத்துக்குள் விழுந்தால் அந்த மாத ஈஎம்பி 201-இல்தான் சேரும். எல்லா மாதத்தையும் நான்கு வாரம் என்று வைத்து நிரப்புகிறவர்களுக்கு ஆண்டில் நான்கு வாரக் கூலி காணாமல் போகும், ஐஆர்பி 5 மொத்தத்தோடு ஒருநாளும் சேராது. மாதத் தொடக்கத்திலேயே காலண்டரில் வெள்ளிக்கிழமைகளை எண்ணிவிடுங்கள்.

தீபாவளிக் கவர் ரொக்கம் என்பதால் சம்பளத்தின் பகுதிதான். நீங்கள் அன்பளிப்பாக நினைத்துக் கொடுத்தாலும் அது வேலைக்காகக் கொடுத்தது, அக்டோபர் பே ஸ்லிப்பில் போனஸ் என்று ஏற்றுங்கள். முழு 500-ம் அவர்கள் கையில் நிற்க வேண்டும் என்று விரும்பினால் அடுத்த முறை வெட்டையும் கணக்குப் போட்டுக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள்.

உங்கள் சொந்த எடுப்பு சம்பளமே இல்லை. கம்பெனி இல்லாததால் உங்களுக்கு நீங்களே தொழிலாளி ஆக முடியாது, பிஏஒய்இ, யுஐஎஃப் எதுவும் இல்லை, செலவும் இல்லை. ‘டிராயிங்ஸ்’ என்று தனிக் கணக்கு போடுங்கள். நீங்கள் எவ்வளவு எடுத்தீர்கள் என்பதற்கு வரி கிடையாது, கடை எவ்வளவு லாபம் செய்தது என்பதற்குத்தான் வரி, அது ஐஆர்பி 6 என்ற, முன்கூட்டியே வரி கட்டும் படிவத்தில் ஆகஸ்ட் கடைசியிலும் பிப்ரவரி கடைசியிலும் போகும்.

நீங்கள் கேட்காத ஒன்று. சம்பளம் போட்ட அன்றே, சார்ஸுக்குத் தர வேண்டியதை வேறொரு சேவிங்ஸ் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். அந்த 723.75-ம் 120-ம் சமையல்காரருடைய பணம், நம்மிடம் ஒரு வாரம் தங்கிப் போகிறது, அவ்வளவுதான். கோழிக்கும் எண்ணெய்க்கும் சப்ளையர் நெருக்கும்போது முதலில் கை போவது இந்தப் பணத்தில்தான், நல்ல கடைகள் மூடியதற்கு இது ஒரு காரணமாக இருந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது குற்றம், கடை என் பெயரில் என்றால் பொறுப்பும் என் பெயரில்தான்.

மெரிபேங்க் கணக்கு அக்கா

ஒரு சேர்க்கை. ஐந்து பேருக்கும் சேர்த்து அடுத்த பன்னிரண்டு மாதச் சம்பளம் 500,000 ராண்டைத் தாண்டும் என்று தெரிந்தால் எஸ்டிஎல் (திறன் மேம்பாட்டு வரி) ஒரு சதவீதம் வரும், அது முழுவதும் முதலாளி தலையில், தொழிலாளியிடம் பிடிக்கக் கூடாது. உங்களுக்கு இப்போதே அந்த எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் போலத் தெரிகிறது, சம்பளம் உயர்த்துவதற்கு முன் ஒரு தடவை கூட்டிப் பாருங்கள். 18-லிருந்து 29 வயதுக்குள் யாராவது இருந்து, மாதம் 7,500-க்குக் கீழே வாங்கினால் ஈடிஐ என்ற, இளைஞர்களை வேலைக்கு வைப்பதற்கான வரிச் சலுகை கிடைக்குமா என்றும் பாருங்கள். அதை ஈஎம்பி 201-லேயே பிஏஒய்இ-யில் கழித்துக்கொள்ளலாம். சொந்தக்காரப் பிள்ளைகளுக்குக் கேட்க முடியாது.

சாட்ஸ்வொர்த் டேக்அவே

சொந்தக்காரர் யாரும் இல்லை அக்கா. கவுண்டரில் நிற்கும் இரண்டு பேருக்கும் வயது 24, 26, இருவரும் எந்தத் தேதியில் சேர்ந்தார்கள் என்று பார்த்துவிட்டு ஈடிஐ விதிகளைப் படிக்கிறேன். கடைசியாக ஒன்று, சனிக்கிழமை காலையில் மூன்று மணி நேரம் கடை கழுவ ஒரு அம்மா வருகிறார். அவருக்கும் யுஐஎஃப் உண்டா?

லெனேசியா பேரோல்

வேறு நாள் வராமல் வாரம் மூன்று மணி நேரம் மட்டும் என்றால், ஐந்து சனிக்கிழமை வந்தாலும் மாதத்துக்குப் பதினைந்து மணி நேரம்தான். ஒரு முதலாளியிடம் மாதம் 24 மணி நேரத்துக்குக் குறைவாக வேலை செய்பவருக்கு யுஐஎஃப் இல்லை. ஆனாலும் அவர் பெயர், வந்த நாள், கொடுத்த கூலி எல்லாம் சம்பளப் பதிவேட்டில் இருக்கட்டும், டிசம்பர் நெரிசலில் கூடுதல் நாள் கூப்பிட்டீர்கள் என்றால் மணி நேரத்தை அந்த மாதம் மறுபடியும் எண்ணிப் பாருங்கள். 2025 டிசம்பர் 7-ம் ஞாயிறுதான், நவம்பர் மாதத்துப் பணம் வெள்ளிக்கிழமை 5-ஆம் தேதிக்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.