தம்பிக்கு குரல் கேக்குறது நின்னுருச்சு, ஆனா லயத்துல யாரும் அவன்கிட்ட பேச மாட்டேங்குறாங்க

இஸ்தோப்புக்காரி:
வணக்கம். நாங்க பொகவந்தலாவை பக்கம், தேயிலைத் தோட்டத்து லயத்துல, வரிசையா ஒட்டிக் கட்டின வீட்டுல இருக்கோம். தம்பிக்கு 23 வயசு, கொழும்புல கடையில வேலைக்கு இருந்தான், போன வருசம் தீவாளிக்கு வந்தவன் திரும்பி போகல. ராத்திரி தூங்க மாட்டான், பக்கத்து காம்பராவுல தன்னைப்பத்தி பேசுறாங்கன்னு சுவத்துல காதை வச்சிக்கிட்டே இருப்பான். எங்க லயத்துல நடுச்சுவரு கூரை வரைக்கும் போகாது, அங்க இருமினா இங்க கேக்கும், அதனால நாங்களும் முதல்ல நெசமாத்தான் ஏதோ பேசுறாங்கன்னு நெனச்சிட்டோம். ஒருநா விடியக்காலை தோட்டத்துல வேலைக்கு பேர் குடுக்குற பெரட்டுக்கு போற நேரம் பக்கத்து வீட்டு மாமா சட்டைய புடிச்சி "ஏன் எனக்கு விசம் வைக்கிறீங்க"ன்னு எல்லாருக்கும் முன்னால கத்திட்டான். அந்த மாமாதான் அவன சின்னதுல தோள்ல தூக்கி வச்சி தேர் காட்டினவரு.

கோடாங்கி பாத்து கயிறு கட்டினதுல மூணு மாசம் போச்சு, அப்பறந்தான் கிளினிக். சைக்கோசிஸ்னாங்க, இல்லாதது கேக்குற, இல்லாதத நம்புற மனநோயாம். இப்ப எட்டு மாசமா மருந்து, குரல் இல்ல, சந்தேகமும் இல்ல. ஆனா பேச்சே கொறஞ்சிருச்சு, குளிக்க சொன்னாத்தான் குளிக்கிறான். அப்பா "திங்கிறதுக்கு மட்டும் எந்திரிக்கிறான்"ன்னு ஏசுறாரு. பீலிக்கு போனா பொம்பளைங்க குடத்த எடுத்துக்கிட்டு நகந்துர்றாங்க, பசங்க "அங்கொடை"ன்னு பட்டப்பேர் வச்சிட்டாங்க, மனநோய் ஆஸ்பத்திரி இருக்குற ஊரு அது. எனக்கு பேசி வந்த எடமும் சொல்லாம கொள்ளாம நின்னுபோச்சு. அவன மறுபடி எல்லாரோடயும் சேக்க என்ன செய்யலாம், இத தாண்டி வந்தவங்க யாராச்சும் இருக்கீங்களா?

பதுளை கோச்சி:
தங்கச்சி, நான் தாண்டி வந்தவன். 21ல வந்துச்சு, இப்ப எனக்கு 34. தம்பி சோம்பேறி இல்லம்மா, அப்பாகிட்ட முதல்ல இத சொல்லுங்க. யாராச்சும் பேசினா பதில் எனக்கு மனசுல வந்துரும், வாய்க்கு வர நேரமாகும், அதுக்குள்ள அவங்க போயிருவாங்க, இவனுக்கு திமிருன்னு நெனச்சிருப்பாங்க. என்கூடவே வளந்த மச்சான் கல்யாணத்துக்கு சொல்ல வந்து, முன்னால நின்ன என்னைய விட்டுட்டு அம்மா கையில பத்திரிகைய குடுத்துட்டு போனான். குரல் கேட்டத விட அது வலிச்சிச்சு.

என்னைய மீட்டது ஒரு பெரியப்பா. சாயந்தரமானா வாசல்ல நின்னு "வாடா, மாட்டுக்கு புல்லறுக்க போவோம்"பாரு. வழியில ஒண்ணும் கேக்க மாட்டாரு, கட்ட தூக்கிவிட சொல்லுவாரு, அவ்வளவுதான். ரெண்டு மாசம் கழிச்சி நானா பேச ஆரம்பிச்சேன்.

மலைக்காத்து:
எனக்கென்னமோ அந்த மாத்திரதான் புள்ளைய மந்தமாக்குதுன்னு தோணுது. குரல்தான் நின்னுருச்சே, கொஞ்ச நாள் விட்டுப்பாருங்க.

நர்ஸ்அக்கா:
தயவுசெஞ்சு விடாதீங்க. நான் மனநல வார்டுல வேலை செய்றவ, நல்லாயிட்டோம்னு மருந்த விட்டு திரும்ப வந்தவங்க எத்தன பேர பாத்துட்டேன். தூக்கம் கூடினா, ஒடம்பு போட்டா டாக்டர்கிட்ட சொல்லி அளவ மாத்தலாம், மாத்திர மறந்துபோனா மாசத்துக்கு ஒரு ஊசியும் இருக்கு.

மகள், இந்த நோயில ரெண்டு பக்கம் இருக்கு. இல்லாதது கேக்குறது, இல்லாதத நம்புறது ஒண்ணு. இருந்த பேச்சு, ஆசை, மொகத்துல சிரிப்பு எல்லாம் கொறஞ்சிபோறது மத்தது. மருந்து முதலாவதுக்கு நல்லா கேக்கும், ரெண்டாவதுக்கு அவ்வளவா கேக்காது, சனங்க தப்பா புரிஞ்சிக்கிறதும் அததான். அப்பா ஏசுறத சாதாரணமா எடுக்காதீங்க. 1950கள்லயே லண்டன்ல ஜார்ஜ் பிரவுன்னு ஒருத்தர் ஆஸ்பத்திரிய விட்டு போனவங்க எந்த மாதிரி வீட்டுல எப்படி இருக்காங்கன்னு தொடர்ந்து பாத்தாரு, அதுல தொடங்கி பின்னால நடந்த ஆய்வுகள்ல ஓயாம கொறை சொல்ற வீட்டுல நோய் திரும்புறது கூடன்னு தெரிஞ்சிச்சு.

ஸ்கிசோஃப்ரினியாங்குற கடுமையான வகையே உலகத்துல சுமார் 300 பேர்ல ஒருத்தருக்கு இருக்கு, அதுலகூட கூடப்பொறந்தவங்க 10 பேர எடுத்தா 9 பேருக்கு வர்றதில்ல. அடுத்து வர்ற எடத்துல இத மறைக்காம சொல்லுங்க. அந்த மாமாகிட்டயும் போய் பேசுங்க, அன்னைக்கு புடிச்சது சட்டையத்தான், கோபம் உங்க மேல இல்லன்னு சொல்லுங்க. அவசரம்னா அங்கொடை தேசிய மனநல நிறுவனத்து நம்பர் 1926.

இஸ்தோப்புக்காரி:
எல்லாருக்கும் நன்றி, பதுளை அண்ணே உங்களுக்கு ரொம்ப. அப்பா இன்னும் முழுசா மாறல, ஆனா நேத்து ஏசல. மாமாகிட்ட போனேன், கேட்டுக்கிட்டு ரொம்ப நேரம் சும்மா இருந்தாரு. இன்னைக்கி ஞாயித்துக்கெழம அவரே வந்து "டேய், தகரம் ஒழுகுது, ஏணிய புடி"ன்னு கூப்பிட்டாரு. அத்தை கதவ பாதி சாத்திக்கிட்டு உள்ளேயே நின்னாங்க, அவங்களுக்கு பயம் போகல, அத நான் குத்தம் சொல்லல. தம்பி ஒரு மணி நேரம் ஏணிய புடிச்சிக்கிட்டே நின்னான், ஒரு வார்த்த இல்ல. மாமா எறங்கி சுத்தியல கீழ வச்சப்பதான் மேல பாத்துட்டு, "அந்த ஓரத்துல இன்னொரு ஆணி அடிக்கணும் மாமா"ன்னான்.