செம்பருத்தி வரையும்போது ஐந்தாவது இதழ் ஏன் உதைக்கிறது?

மாடித்தோட்டம்:
வணக்கம். பூ வரையப் பழக ஒற்றையடுக்குச் சிவப்புச் செம்பருத்தியை எடுத்திருக்கிறேன். எச்.பி. பென்சில், சாதாரண ஏ4 தாள். நாலு இதழ் வரை ஒழுங்காக வருகிறது. ஐந்தாவதுக்கு இடம் இருப்பதில்லை. இருந்தாலும் பிறகு கொண்டுவந்து ஒட்டவைத்த மாதிரி நிற்கிறது. வரைந்து பழகியவர்களும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களும் இதை நிறையப் பார்த்திருப்பீர்கள். தப்பு எங்கே?

கரித்துண்டு:
இதில் இரண்டு தப்பு கலந்திருக்கிறது. இடம் போதாமல் போவது ஒன்று, ஒட்டவைத்த மாதிரி தெரிவது இன்னொன்று. காரணம் வேறு வேறு, அதனால் தனித்தனியாகத்தான் சரிசெய்ய வேண்டும்.

முதலில் இடம். இதழை ஒவ்வொன்றாகக் கண்மதிப்பில் வரைந்துகொண்டே போனால் கை தன்னையறியாமல் பெரிதாக்கிக்கொண்டே போகும். நாலாவது முடியும்போது வட்டம் தீர்ந்துவிடும். எனவே இதழைத் தொடுவதற்கு முன்பே வட்டத்தைப் பங்கிட்டுவிடுங்கள். சாப்பாட்டு டப்பா மூடி ஏதாவது 11 செ.மீ. அளவில் இருந்தால் அதை வைத்து மெல்லிய வட்டம் போடுங்கள். நிஜப் பூவும் கிட்டத்தட்ட அந்த அளவுதான், அளவைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. நடுப்புள்ளி வையுங்கள். இனி வட்டத்தைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டு 0, 12, 24, 36, 48 நிமிடங்களில் குறி வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் 12 நிமிடம், அதாவது 72 பாகை. பாகைமானி தேவையே இல்லை. சரியாக வந்திருந்தால் ஒரு ஆள் கையை லேசாகத் தூக்கி, காலை அகட்டி நிற்பதுபோல் இருக்கும். கை தரைக்குச் சமமாக நீட்டியிருந்தால் தப்பு. கொஞ்சம் மேலே ஏறியிருக்க வேண்டும்.

அந்த ஐந்து கோடும் இதழ்களின் நடுக்கோடு. இதழ்களுக்கு இடையிலான எல்லை என்று எடுத்துக்கொண்டு கோட்டுக்குக் கோடு இதழை அடைக்கிறவர்கள் அதிகம். அப்படி வரைந்தால் கேக் துண்டு மாதிரி கூர்கூராக வரும்.

அடுத்தது அகலம். செம்பருத்தி இதழ் அடியில் ஒடுங்கி, மேலே போகப்போக விரியும். 11 செ.மீ. வட்டத்தில் விரிந்த இடத்தில் ஏறக்குறைய 6 செ.மீ. அகலம் கொடுங்கள். அந்த உயரத்தில் பக்கத்து நடுக்கோடு 5 செ.மீ. தூரத்தில்தான் இருக்கும். ஆக, ஒரு செ.மீ. போல ஒன்றின்மேல் ஒன்று ஏறியே ஆக வேண்டும். இந்த ஏறுதலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டாவது தப்பு அங்கேதான் தொடங்குகிறது.

இலைநரம்பு:
கரித்துண்டு அண்ணா விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். செம்பருத்தியில் இருப்பது திருகு இதழமைவு. ஒவ்வொரு இதழும் ஒரு ஓரத்தால் பக்கத்து இதழை மூடும், மறு ஓரத்தை அடுத்த பக்கத்து இதழுக்கு அடியில் கொடுத்துவிடும். ஐந்துக்கும் இதே நியதி. முழுக்க மேலே இருக்கும் இதழும் கிடையாது, முழுக்க அடியில் இருக்கும் இதழும் கிடையாது.

பழகுகிறவர்கள் செய்வது என்னவென்றால், முதல் இதழை முழுசாக வரைந்து முடித்துவிடுவார்கள். இரண்டாவது அதன் பின்னாலிருந்து வரும், மூன்றாவது இரண்டாவதின் பின்னாலிருந்து வரும். ஐந்தாவதுக்கு வரும்போது அதுவும் நாலாவதுக்கும் அடியில், முதல் இதழுக்கும் அடியில் என்று இரண்டு பக்கமும் சிக்கிக்கொள்ளும். ஒட்டவைத்த மாதிரி தெரிவது அதனால்தான்.

தீர்வு சின்னதுதான். மேல் இதழில் தொடங்கி, கடிகாரம் சுற்றும் திசையில் போகிறீர்கள் என்று வையுங்கள். முதல் இதழின் முன்னோக்கிய ஓரத்தை, அதாவது கடிகார முள் போகும் பக்கத்து ஓரத்தை, முழுசாக இழுங்கள். பின்பக்க ஓரத்தை நுனியிலிருந்து ஒரு செ.மீ. இறக்கி அப்படியே விட்டுவிடுங்கள். திறந்தே கிடக்கட்டும். இரண்டாவது இதழ் முதல் இதழின் ஓரத்துக்கு அடியிலிருந்து புறப்படும்; அதன் முன்னோக்கிய ஓரம் முழுசாக வரும். மூன்று, நாலு அதே மாதிரி. ஐந்தாவது இதழ் நாலாவதின் அடியிலிருந்து புறப்பட்டு, முதல் இதழ் திறந்துவைத்த பக்கத்தின்மேல் ஏறி உட்காரும். வட்டம் பூட்டிக்கொள்ளும்.

ஒரே செடியில் வலப்பக்கம் திருகிய பூவும் வரும், இடப்பக்கம் திருகிய பூவும் வரும். எந்தப் பக்கம் போட்டாலும் குற்றமில்லை. நடுவில் திசை மாறக் கூடாது, அவ்வளவுதான்.

கோலமாவு:
கோலம் போட்டுப் பழகிய கைக்கு இந்த இடத்தில் கூடுதல் கவனம் வேணும். கோலத்துப் பூவில் எல்லா இதழும் ஒரே அச்சு, ஒன்றையொன்று மறைக்காது. அந்தப் பழக்கத்திலேயே வரைந்தால் செம்பருத்தி தட்டையாகத்தான் விழும். ஆனால் ஒன்று சொல்லணும், கோலம் போடுகிறவர்களுக்கு வளைவு நடுங்காது. முழங்கையிலிருந்தும் தோளிலிருந்தும் கையை ஓட்டத் தெரியும். மணிக்கட்டை மட்டும் திருப்பி வரைகிறவர்களுக்குத்தான் இதழ் விளிம்பு துண்டு துண்டாக, மயிர் முளைத்த மாதிரி வருகிறது. தாளைச் சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டு, எப்போதும் உங்கள் கைக்கு வசதியான பக்கத்திலேயே வளைவை இழுங்கள்.

பட்டைப்பென்சில்:
எச்.பி.யை அழுத்தி வரைவதுதான் முக்கால்வாசிப் படத்தைக் கெடுப்பது. 75 ஜி.எஸ்.எம். கனமுள்ள சாதாரணத் தாளில் அழுத்தினால் கோடு பள்ளமாகப் பதியும். ரப்பர் கரியை எடுக்குமே தவிர, பள்ளத்தை எடுக்காது. பிறகு கலர் பென்சில் ஓட்டும்போது அந்தப் பள்ளத்துக்குள் நிறம் இறங்காமல் வெள்ளைக் கோடாகத் தெரியும். பங்கிட்ட கோடு, வட்டம் எல்லாவற்றுக்கும் பென்சிலை முனையிலிருந்து 5 செ.மீ. தள்ளிப் பிடியுங்கள். அப்படிப் பிடித்தால் நினைத்தாலும் அழுத்த முடியாது. கடைசிக் கோட்டுக்கு மட்டும் எச்.பி.யைவிட மென்மையான 2பி பென்சில், முனைக்குப் பக்கத்தில் பிடித்து. கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் போட்டுக்கொண்டால் இழுவாது. ரப்பர் தூளைக் கையால் தட்டாதீர்கள், உள்ளங்கை எண்ணெய் பட்டால் கலர் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். காய்ந்த பிரஷால் தள்ளிவிடுங்கள்.

மாடித்தோட்டம்:
ரொம்ப நன்றி. பின்பக்கத்தைத் திறந்துவிட்டதும் ஐந்தாவது அழகாக உட்கார்ந்துவிட்டது. இப்போது அடுத்த சிக்கல்: செடியில் பூ நேராக முகத்தைக் காட்டுவதில்லை, சாய்ந்துதான் இருக்கிறது. அப்படி வரைந்தால் தண்டு ஒரு பக்கம், நடுக்குழல் ஒரு பக்கம் என்று பிய்ந்து தெரிகிறது.

கரித்துண்டு:
ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள்: வட்டம். மெல்லச் சாயுங்கள்: நீள்வட்டம். சாய்ந்த பூவுக்கும் முதல் கோடு அந்த நீள்வட்டம்தான். 11 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலம் என்று தொடங்குங்கள்.

அதன் குறுகலான பக்கத்துக்கு நேராக நடுவே ஒரு அச்சுக்கோடு இழுத்து, இரண்டு பக்கமும் நீட்டுங்கள். பின்னால் நீளும் பக்கத்தில் காம்பு, முன்னால் நீளும் பக்கத்தில் குழல். இரண்டும் ஒரே அச்சில் இருந்தால் பூ பிய்ந்து தெரியாது. குழல் நுனியில் கொஞ்சம் மேல்நோக்கி வளையலாம், புறப்படும் இடம் மட்டும் அச்சில் இருக்க வேண்டும்.

முக்கியமானது இன்னொன்று: செம்பருத்தி தட்டு இல்லை, புனல். அதனால் இதழ்கள் கூடும் இடம் நீள்வட்டத்தின் நட்டநடுவில் வராது, காம்புப் பக்கம் இறங்கும். ஒரு செ.மீ. தள்ளி வைத்தாலே போதும், தாளில் ஆழம் வந்துவிடும். நமக்கு அருகே உள்ள இதழ் குட்டையாக, அகலமாகத் தெரியும். சில கோணத்தில் அதன் முதுகுதான் தெரியும். எதிர்ப்பக்க இதழ் நீளமாக, உள்பக்கம் காட்டி நிற்கும். ஐந்தையும் ஒரே நீளத்தில் போட்டால் நீள்வட்டம் போட்டதே வீண்.

படம் எடுத்துப் பார்த்து வரைகிறவர்கள் போனைப் பூவுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். அருகில் எடுத்தால் குழல் உலக்கை மாதிரி பெருத்துத் தெரியும். ஒரு மீட்டர் தள்ளி நின்று பெரிதாக்கி எடுங்கள்.

இலைநரம்பு:
குழலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதை ஏனோ எல்லாரும் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி அடி முதல் நுனி வரை முடி வைத்து வரைகிறார்கள். பூவைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குழலின் அடிப்பகுதி வழவழப்பாக, வெறுமையாக இருக்கும். மேல்பாதியில்தான் மகரந்தத்தாள்கள் பக்கவாட்டில் நீட்டி நிற்கும். ஒவ்வொன்றின் முனையிலும் மஞ்சள் மகரந்தப்பை, கடுகைவிடச் சின்னது. அதையும் தாண்டி நுனியில் ஐந்து கிளை, ஒவ்வொன்றிலும் வெல்வெட் பொத்தான் மாதிரி ஒரு சூல்முடி. சூல்தண்டு குழலுக்கு உள்ளே ஓடி நுனியில் வெளியே வருகிறது.

வரையும்போது முதலில் இரட்டைக் கோட்டில் குழல், பிறகு நுனியில் ஐந்து பொத்தான், கடைசியாக மகரந்தத்தாள். நமக்கு நேரே நீட்டி நிற்பவற்றுக்குக் கோடே வேண்டாம், வெறும் புள்ளி போதும். இரண்டு ஓரத்தில் உள்ளவற்றுக்கு மட்டும் காம்பு போடுங்கள். இதழ்களுக்கு முன்பே குழலின் இடத்தை மெல்லிதாகக் குறித்துவிடுங்கள். கலர் அடித்த இதழ்மேல் பிறகு குழல் வரைந்தால் மஞ்சள் ஏறாது.

பள்ளிக்கூடப் பாடத்துக்காக நீள்வெட்டு, அதாவது பூவை நீளவாக்கில் வெட்டிய படம், வரைகிறவர்களுக்கு: அங்கே நிழல் கூடாது, ஒற்றைக் கோடு மட்டும். பச்சைப் புல்லிக்கு வெளியே இன்னொரு அடுக்காக மெல்லிய புறப்புல்லிகள் இருக்கும். நிறையப் பேர் விட்டுவிடுவது அதைத்தான்.

வண்ணப்பெட்டி:
சிவப்பை இருட்டாக்கக் கறுப்பைத் தொடாதீர்கள், துருப்பிடித்த நிறம் வரும். 12 கலர் பெட்டியில் இருப்பதை வைத்தே செய்யலாம். முதலில் மஞ்சள், இதழ் முழுக்க, லேசாக. மேலே ஆரஞ்சு. அதன்மேல் சிவப்பு, விளிம்பில் மெலிதாக, அடியில் அடர்த்தியாக. ஒரு இதழ் இன்னொன்றுக்கு அடியில் போகும் இடத்தில் ஊதாவை ஒரு இழுப்பு, அதன்மேல் மறுபடி சிவப்பு. இந்த ஒரு இடத்தில் நிழல் விழுந்தாலே மேல் இதழ் எழும்பி நிற்கும். வெளிச்சம் படும் இடத்தில் சிவப்பை ஏற்றாமல் விட்டுவிடுங்கள். வெள்ளைக் கலரால் பிறகு கொண்டுவர முடியாது.

நரம்பு இழுக்கும்போது அடியிலிருந்து விசிறி மாதிரி ஏழெட்டு கோடு. அடியில் பென்சிலை ஊன்றி, மேலே போகப்போகக் கையைத் தூக்கிவிடுங்கள். விளிம்பைத் தொடும் முன்பே கோடு மறைந்துவிட வேண்டும். விளிம்பு வரை ஒரே அழுத்தத்தில் இழுத்தால் இதழ் சிப்பி ஓடு மாதிரி ஆகிவிடும்.

மாடித்தோட்டம்:
கடைசியாக ஒன்று கேட்கிறேன். விளிம்பின் அலை செயற்கையாக வருகிறது. பாவாடைச் சுருக்கம் மாதிரி ஒரே சீராக.

பட்டைப்பென்சில்:
உதிர்ந்த பூவிலிருந்து ஒரு இதழைப் பிய்த்துப் பாருங்கள். தாள்மேல் நேரே வைக்காதீர்கள், சாறு பட்டால் ஊதாக் கறை பிடிக்கும். நடுவில் ஒரு பிளாஸ்டிக் உறை போடுங்கள். அலை எல்லா இடத்திலும் இருக்காது. ஒரு பக்கம் அகலமாக ஒரு மடிப்பு, கொஞ்ச தூரம் வழவழப்பு, பிறகு நெருக்கமாக இரண்டு சின்ன மடிப்பு என்றுதான் வரும். மடிப்பு விழும் இடத்துக்கு நேரே உள்ளே ஒரு நரம்பு வந்து சேரும்படி வரையுங்கள். காலையில் விரிந்த பூ சாயங்காலம் சுருண்டுவிடும் வகைதான் பெரும்பாலும், அதனால் பத்து மணிக்குள் பறித்துவிடுங்கள். பறித்த பூ தண்ணீரில் வைக்காமலேயே அன்று பொழுதெல்லாம் விரிந்திருக்கும், நிதானமாக வரையலாம்.