ஃபாலோயர்ஸ் ஏறிட்டாங்க, ஆனா ஒருத்தரும் வாய் திறக்க மாட்டேங்கறாங்க, என்ன பண்றது?

நூல்கண்டு:
எல்லாருக்கும் வணக்கம். ஹேண்ட்பேக், துணிப்பை தைச்சு ஆன்லைன்ல விக்கிறேன், இன்ஸ்டா பேஜும் வாட்ஸப் பிஸினஸும்தான் என் கடையே, வெப்சைட்லாம் கிடையாது. சமீபத்துல ஒரு கிவ்அவே, அதான் இலவசப் பரிசுப் போட்டி, வச்சேன், பேஜ ஃபாலோ பண்ணுங்க, மூணு பேர டேக் பண்ணுங்கன்னு. ஃபாலோயர்ஸ் நல்லாவே ஏறினாங்க. ஆனா அதுக்கப்புறம் என்ன போட்டாலும் முன்ன வந்த லைக்கு கூட வரல. கமெண்ட்ல யாராச்சும் "ரேட் என்ன"ன்னு கேப்பாங்க, நான் "டிஎம் பண்ணுங்க"ன்னு போடுவேன், அதாவது தனி மெசேஜ்ல கேளுங்கன்னு, அதோட ஆளக் காணோம். இப்ப தெரிஞ்சவர் ஒருத்தர் பேரு, லோகோ, கலர் எல்லாத்தையும் மாத்தி புதுசா பிராண்டிங் பண்ணித் தரேங்கறார். அதுக்குச் செலவு பண்ணலாமா இல்ல அந்தக் காச விளம்பரத்துல போடலாமா?

வாலில்லா_குருவி:
ரெண்டும் இப்போதைக்கு வேணாங்க. கிவ்அவேக்கு வந்த கூட்டம் பரிசுக்கு வந்த கூட்டம், உங்க பையப் பாத்து வந்தது இல்ல. நீங்க ஒரு போஸ்ட் போட்டா அது எல்லா ஃபாலோயருக்கும் அப்படியே போயிடாது, யாரு நின்னு பாப்பாங்க, யாரு தள்ளிட்டுப் போவாங்கன்னு இன்ஸ்டா ஆப் ஒரு கணக்குப் போட்டுத்தான் காட்டும். தள்ளிட்டுப் போற ஆளுங்களா சேத்து வச்சா அந்தக் கணக்கு உங்களுக்கு எதிரா திரும்பிடும். வேணும்னே லைக்கு, டேக்கு, ஷேர் கேட்டு வாங்குற போஸ்ட கீழ தள்ளுவோம்னு ஃபேஸ்புக்கு 2017 டிசம்பர்லயே சொல்லிட்டாங்க.

ஆனா உங்க கேள்வியில எனக்கு உறுத்துனது அது இல்ல, அந்த "டிஎம் பண்ணுங்க" தான். வாங்க நெனைக்கிறவங்க பக்கத்துலேந்து பாருங்க. ரேட் தெரிஞ்சுக்கத்தான் கேட்டாங்க, உள்ள வந்தா நீங்க பேசுவீங்க, கட்டுப்படியாகலன்னா முகத்துக்கு நேரா வேணாம்னு சொல்லணும், அந்தச் சங்கடத்துக்கே பாதிப் பேரு வரமாட்டாங்க. அதே கமெண்டப் படிக்கிற இன்னும் பல பேரு கேக்காமலே போயிடுவாங்க, அவங்க வந்ததும் உங்களுக்குத் தெரியாது, போனதும் தெரியாது. ரேட்டு, அளவு, லேப்டாப் உள்ள போகுமா, தண்ணில தொவைக்கலாமா, எத்தன நாள்ல வரும், இவ்வளவும் போஸ்ட்லயே இருக்கணும். எத எழுதணும்னு யோசிக்கவே வேணாம், இதுவரைக்கும் வந்த சாட்டத் திறந்து என்னென்ன கேட்டிருக்காங்கன்னு பாருங்க, அதான் உங்க கன்டென்ட்.

நூல்கண்டு:
ரேட்ட வெளிப்படையா போட்டா மத்தவங்க அதப் பாத்து கொறைச்சுப் போடுவாங்களேன்னு தான் பயம் ப்ரோ.

வாலில்லா_குருவி:
அவங்க ஒரு டம்மி ஐடில வந்து டிஎம்ல கேட்டா சொல்லத்தானே போறீங்க? இதுல ரேட்டு மறைஞ்சு நிக்கிறது வாங்குறவங்களுக்கு மட்டும்தான் 😄

மசி_டப்பா:
நான் டிசைன் வேலைல இருக்கேன், அதனால என் வயித்துப் பொழப்புக்கு எதிரா சொல்றேன்னு வச்சுக்கோங்க, இப்ப லோகோவ மாத்தாதீங்க. இருக்குற கொஞ்ச பேருக்கு உங்கள அடையாளம் தெரியுறதே அந்தப் பேராலயும் படத்தாலயும்தான். கேப் (Gap)னு பெரிய துணி கம்பெனி, பல வருஷமா இருந்த லோகோவ 2010 அக்டோபர்ல மாத்துனாங்க, ஜனங்க திட்டின திட்டுல ஒரு வாரத்துக்குள்ள பழசுக்கே திரும்பிட்டாங்க. அவங்களால தாங்க முடிஞ்சுது, உங்களுக்கு எதுக்குங்க அந்த வேல. அதுக்காக பிராண்டிங்கே வேணாம்னு சொல்லல. எல்லா எடத்துலயும் ஒரே பேரு, ஒரே ப்ரொஃபைல் படம், போட்டோவுக்கு ஒரே மாதிரி வெளிச்சம், பதில் சொல்ற தொனி ஒண்ணு. இன்ஸ்டால "ஹாய் டியர்"னு கொஞ்சிட்டு வாட்ஸப்ல "பேமெண்ட் பண்ணிட்டு சொல்லுங்க"ன்னு வெரப்பா பேசுனா வேற ஆளோன்னு தோணும்.

கேட்டது_கிடைக்கும்:
மேல சொன்னதெல்லாம் சரி, நடைமுறையா ரெண்டு விஷயம். வாட்ஸப்ல ப்ராட்காஸ்ட், அதான் ஒரே மெசேஜ பல பேருக்குத் தனித்தனியா அனுப்புறது, போடுறீங்களா? ஒரு லிஸ்ட்ல 256 பேரு வரைக்கும்தான், அதுலயும் உங்க நம்பர சேவ் பண்ணவங்களுக்கு மட்டும்தான் போகும், இது தெரியாம அனுப்பிட்டு யாரும் பதில் போடலன்னு பல பேரு பொலம்புறாங்க. அதனால பார்சல்ல ஒரு சின்ன அட்டை வைங்க, நம்பர சேவ் பண்ணுங்க, புது டிசைன் வந்தா சொல்றேன்னு. வாங்குனவங்க நம்பரும் ஈமெயிலும் உங்க கையில தனியா இருக்கட்டும், ஃபேஸ்புக் மாதிரி கூகுள் நடத்துன கூகுள் ப்ளஸ்லயே எல்லாத்தையும் வச்சிருந்தவங்களுக்கு 2019 ஏப்ரல்ல அது மூடுனப்போ என்ன மிஞ்சுச்சு சொல்லுங்க. ஆனா அவங்க சம்மதிச்சா மட்டும் மெசேஜ் பண்ணுங்க, கண்டவங்களுக்கு அனுப்புனா ப்ளாக் தான். அப்புறம் கூகுள்ல ரிவ்யூ கேக்குறப்போ டிஸ்கவுண்ட் தரேன்னு மட்டும் சொல்லிடாதீங்க, அது அவங்க ரூல்ஸுக்கே விரோதம்.

ஆமா, கேக்க மறந்துட்டேன், இன்ஸ்டால "ரிக்வெஸ்ட்ஸ்"னு தனியா ஒரு ஃபோல்டர் இருக்கே, அதப் பாக்குறீங்களா? நீங்க ஃபாலோ பண்ணாதவங்க முதல் தடவையா அனுப்புறது பெரும்பாலும் அங்கதான் போய் விழும்.

நூல்கண்டு:
ஐயோ இப்பதான் திறந்து பாத்தேன், நெறைய பேரு கேட்டுருக்காங்க 😭 ஒரு பொண்ணு கல்யாண ரிட்டர்ன் கிஃப்ட்டுக்கு மொத்தமா வேணும்னு கேட்டிருக்காங்க, பழைய மெசேஜ் வேற. இப்ப போய் பதில் போட்டா அசிங்கமா இருக்காதா?

கேட்டது_கிடைக்கும்:
போடுங்க. நீளமா மன்னிப்புலாம் கேக்காதீங்க, "மெசேஜ இப்பதான் பாத்தேன், லேட்டுக்கு சாரி. உங்களுக்கு இன்னும் தேவை இருந்தா இந்த அளவுல இவ்வளவு நாள்ல தரமுடியும்"னு ரேட்டோட ஒரே மெசேஜா. கல்யாணம் முடிஞ்சிருந்தாலும் வாழ்த்து சொல்லிட்டு விட்டுடுங்க, திரும்பத் திரும்ப தட்டாதீங்க.

வாலில்லா_குருவி:
ரேட்டோட. பாத்தீங்களா, எல்லாரும் அங்கயே வந்து நிக்கிறாங்க 😂